எட்டாவது அடி

விடுதியை மூடி இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. விசாரணை அதிகாரி சாவியை மூன்று முறை திருப்பிய பிறகுதான் கதவு இளகியது. மதியம் மூன்று மணி. வெளியே வெயிலில் கண் கூசியது. உள்ளே காலடி வைத்ததும் ஈரத் துணியின் வாடை அவள் முகத்தில் அப்பியது. தண்ணீர் இணைப்பை வெட்டியே கால் நூற்றாண்டாகிவிட்டது என்று கோப்பில் இருந்தது.

அவளோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் நெட்டை. அறுபது வயது, லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஏழு வயதிலிருந்து இங்கே வளர்ந்தவர்; இங்கே வைத்த பட்டப்பெயர் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் பிரதர். எண்பத்தைந்து வயது, சபையின் வெள்ளை அங்கி, கைத்தடி. அந்நாளில் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர்.

நெட்டையின் புகார் ஒன்றே ஒன்றுதான். தன் ஐந்து வயதுத் தம்பியைச் சலவை அறையில் அடித்தே கொன்றார்கள். விடுதிப் பதிவேட்டில் ‘காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மரணம்’ என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்படியொரு பெயர் இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் இல்லை. சாட்சி இல்லையென்று இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள். இந்த விசாரணைக் குழுவுக்கும் வெள்ளிக்கிழமையோடு காலம் முடிகிறது.

நடைக்கூடத்தில் பிரதர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “என்ன நெட்டை, இன்னும் குனிஞ்சே நடக்கிறே?”

“பழக்கம் பிரதர். நிமிர்ந்தா நீங்க அடிப்பீங்களே.”

சலவை அறை நீளமானது. உயரத்தில் கம்பி போட்ட ஜன்னல்கள். சுவரோரம் ஐந்து கல் தொட்டிகள். அவற்றுக்கு மேலே எண்கள் எழுதிய கொக்கிகள். மூலையில் துணி பிழியும் இயந்திரம் துருப்பிடித்து நின்றது. அதன் தோல் பட்டையில் ஒரு முழ நீளம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். “சொல்லுங்கண்ணே.”

நெட்டை மூன்றாவது தொட்டியின் விளிம்பைத் தடவினார். அவள் காத்திருந்தாள். இந்த வேலையில் அவள் கற்றது அதைத்தான்.

“ராத்திரி படுக்கைய நனைச்சிட்டான். விரிப்ப இந்த மூணாவது தொட்டியில அவனே துவைக்கணும். அப்புறம் அந்த மெஷின் பட்டைத் துண்டால உள்ளங்கையில பன்னெண்டு அடி. அடி வாங்குறவனே எண்ணணும் மேடம். தப்பா எண்ணினா மறுபடி ஒண்ணுலேருந்து.”

“சரி.”

“அவனுக்கு ஏழு வரைக்கும்தான் தெரியும்.”

அவள் பேனா நின்றது.

“ஏழுக்கு அப்புறம் பத்துன்னான். மறுபடி ஒண்ணு. மறுபடி பத்துன்னான். நான் பக்கத்துலதான் இருந்தேன். எட்டுன்னு காதுல சொல்லியிருக்கலாம். சொல்லிக் குடுக்குறவனுக்கும் பன்னெண்டு.” அவர் தன் கைகளைப் பார்த்தார். “முன்னாடி ரெண்டு தடவையும் இத நான் சொல்லல. அவன் மணிக்கட்ட அழுத்திப் புடிச்சிட்டிருந்தது நான்தான்.”

“பாத்தீங்களாம்மா, தடவைக்குத் தடவை கதை மாறுது,” என்றார் பிரதர். “அப்படி ஒரு பையனே எனக்கு நினைப்பில்ல. பிள்ளைங்க மேல நான் கை நீட்டினதும் இல்ல.”

கைத்தடி கீழே விழுந்தது.

பிரதரின் இரண்டு கைகளும் முன்னால் நீண்டன. அவர் நீட்டவில்லை. எதிரே நின்று யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது போல அவை வந்தன. மூன்றாவது தொட்டியின் விளிம்பில் முழங்கைகள் மோதின. விரல்கள் ஒவ்வொன்றாய் விரிக்கப்பட்டன.

பளீர்.

உள்ளங்கையில் செந்நிறக் கோடு ஒன்று எழும்பியது.

“யாரது?” என்றார் பிரதர், மிக மெதுவாக.

பளீர். அதே இடத்தில். தோல் பிளந்தது.

மூன்றாவது அடி விழுவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. “ஒண்ணு,” என்றார். “ரெண்டு.” அங்கியின் முன்பக்கமெல்லாம் ரத்தத் துளிகள். ஐந்தில் ஒரு விரல் சுள்ளி போல முறிந்தது. “ஆறு. ஏழு.”

அடுத்த அடி விழுந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றது. நாக்கு எதையோ தேடித் துழாவியது.

“பத்து,” என்றார்.

அறை அமைதியானது.

பளீர்.

அதிகாரி அவரைத் தோளைப் பிடித்து இழுத்தாள். மெலிந்த அந்தக் கிழவர் கல்லில் பதித்த தூண் போல அசையவில்லை. அவர் மறுபடி ஏழுக்கு வந்தார். மறுபடி பத்து. உள்ளங்கைகளில் இப்போது வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

“தொட்டிக்கு அடியில,” என்று அலறினார். “இந்தத் தொட்டிக்கு அடியிலதான். நான்தான் அடிச்சேன். நான்தான் பொதைச்சேன்.”

ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடி நிற்கவில்லை.

“அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க. செத்துருவாரு.”

நெட்டை முழங்காலிட்டார். பிரதரின் பக்கமாக அல்ல. தொட்டியின் இந்தப் பக்கம், இடுப்புயரத்தில் ஒன்றுமில்லாத இடத்தை நோக்கி. குனிந்து, காதோடு பேசுவது போலக் கிசுகிசுத்தார்.

“எட்டு.”

அவர் வாய்க்கு அருகிலிருந்து ஒரு மழலைக் குரல் வந்தது. “எட்டு.”

பளீர்.

“ஒன்பது.” “ஒன்பது.” “பத்து.” “பத்து.”

ஒவ்வொன்றாய்ப் பன்னிரண்டு வரை வந்தது. பிறகு சத்தம் இல்லை. பிரதர் தொட்டிக்குள் தலை கவிழ்ந்து முனகினார். அதிகாரி மூச்சு விட்டாள்.

“அப்புறம் என்னண்ணா?” என்று கேட்டது குரல்.

நெட்டை நிமிர்ந்து பிரதரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பதிமூணு,” என்றார்.

ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பிரதர் இறந்துபோனார். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார்; கைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாவது தொட்டிக்கு அடியில், விரிப்பில் சுற்றியபடி சின்ன எலும்புகள் கிடைத்தன. விரலெலும்புகளில் ஆறு உடைந்திருந்தன. ஒலிப்பதிவில் பிரதரின் குரல் மட்டுமே கேட்டது. ‘தாமாகவே ஒப்புக்கொண்டார்’ என்று அதிகாரி அறிக்கையில் எழுதினாள். அவள் எழுதிய ஒரே பொய் அது. குழு புகாரை ஏற்றது. பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்பதை அடித்துத் திருத்தினார்கள். தம்பிக்குத் தன் பெயரோடு ஒரு கல்லறை கிடைத்தது.

மூன்று வாரம் கழித்துக் கட்டடத்துக்கு முத்திரை வைக்க அவள் போனாள். சலவை அறையின் மூடிய கதவுக்கு வெளியே, தரையில் நெட்டை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ ஃபிளாஸ்க்.

“இங்க என்ன பண்றீங்க?”

அவர் உதட்டில் விரல் வைத்தார்.

உள்ளே பளீரென்று ஒரு சத்தம். பிறகு மழலைக் குரல், தடுமாறாமல், பெருமையாக:

“தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணு.”

அதற்குக் கீழே, தொண்டை கம்மிப்போன ஒரு கிழவரின் அழுகை. பிரதரைப் புதைத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அவள் குனிந்தாள். நெட்டையின் தோளைத் தொட்டாள். “அண்ணே, எழுந்திருங்க. போயிரலாம்.”

“நீங்க போங்க மேடம்.” அவர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து, கதவின் கைப்பிடியில் கை வைத்தார். “ஆயிரத்துக்கு மேல அவனுக்குத் தெரியாது.”