கழுத்து ஒட்டிய ஒட்டகச்சிவிங்கி

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

காதல் கதையில் முதல் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தி இடிப்பாள், ஒருத்தன் கத்துவான், அப்புறம் கண்ணும் கண்ணும்... அதெல்லாம் சரி. ஆனால் இங்கே இடிபட்டு விழுந்தது ஒரு மர ஒட்டகச்சிவிங்கி. இடுப்பு உயரம். ஒரு பயண அலுவலகத்தின் வாசலோரமாகப் பல வருஷம் நின்றது, இப்போது கழுத்து முறிந்து தரையில் கிடந்தது.

"தெரியலை," என்றாள் அவள்.

உண்மையைத்தான் சொன்னாள். அங்கே வேலை பார்க்கும் அவனுக்கோ அது திமிராகக் கேட்டது.

"அடேங்கப்பா! இடிச்சதும் இல்லாம பதிலைப் பாரு..." என்று முணுமுணுத்தபடி குனிந்து ஒட்டகச்சிவிங்கியின் தலையை எடுத்தான்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். முதலில் கண்ணில் பட்டது பல். தொழில் புத்தி, என்ன செய்வது! பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. பல்லுக்கு நிறம் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இவனுக்கு முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருந்தது. கோபப்படும்போது அந்தப் பல் மட்டும் சிரிப்பது போல இருந்தது.

"ஆப்பிரிக்கா போகணும். காட்டு மிருகம் பாக்க. யாரைப் பாக்கணும்?"

பக்கத்து மேஜைப் பெண் களுக்கென்று சிரித்தாள். "இவரைத்தான். எங்க ஆஃபீஸ்ல இவருக்குப் பேரே 'ஆப்பிரிக்கா'தான்!"

போச்சுடா, என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் காதல் கதை உண்டா? சொல்லிவிடுகிறேன். அவளுடையது அழகான கண். பெரிய, ஈரமான, பார்த்தவர்கள் இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கிற கண். அந்தக் கண் செத்துக்கொண்டிருந்தது. முதலில் இருட்டில் தெரியாமல் போயிற்று. அப்புறம் ஓரங்கள் போயின. இப்போது மிச்சம் இருப்பது நடுவில் ஒரு வட்டம்... அதற்குள் எல்லாம் துல்லியம், அதற்கு வெளியே ஒன்றுமே இல்லை. வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். குடும்ப வியாதி. அக்காவுக்கு முழுசாகவே போய்விட்டது.

"நீ கடைசியா என்ன பாத்தேன்னு ஞாபகம் இருக்காக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அக்கா மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள். "மருந்துக்கடைப் பலகை. பச்சை எழுத்து. அதான் கடைசின்னு அன்னிக்கு யாரு கண்டா? தெரிஞ்சிருந்தா வேற எதையாவது பாத்திருப்பேன்டி."

அந்தப் பதில் அவளைத் தூங்கவிடவில்லை. சின்ன வயசில் டிவியில் யானைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒருநாள் சேர்ந்து போவோம் என்று சத்தியம் செய்துகொண்ட அக்கா தங்கை. அக்காவின் கண் காத்திருக்கவில்லை. தன் வட்டமும் மூடுவதற்குள் கண் நிறைய ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் வந்தாள். ஆனால் வெளியாட்கள் யாரிடமும் கண்ணைப் பற்றி வாய் திறப்பதில்லை. பாவம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முறிந்த ஒட்டகச்சிவிங்கியை அன்றே தூக்கிக்கொண்டு போனாள். பல் ஒட்டும் பசையை வைத்துக் கழுத்தை ஒட்டி, நிறம் சேர்த்து, அடுத்த வாரம் கொண்டுவந்து வைத்தாள். எங்கே முறிந்தது என்று அவன் தடவித் தடவித் தேடினான். பொய்ப்பல் கட்டுகிற கை என்று சொல்லி, வேலை செய்யும் இடத்தையும் சொன்னாள்.

"சரி உட்காருங்க," என்றான், கொஞ்சம் இறங்கிவந்து. "மழை முடிஞ்சதும் போனீங்கன்னா எல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கும். எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

"வேணாம். புல்லு உசரமா இருக்கும். நல்லா காஞ்ச மாசமா போடுங்க. மிருகமெல்லாம் தண்ணிகிட்ட வந்து ஒரே இடத்துல நிக்கணும்."

"சாயங்காலம் ஜீப்புல ஒரு சுத்து..."

"அதை அடிச்சிடுங்க."

"மேடம், சிங்கம் எழுந்திரிக்கிறதே சாயங்காலம்தான்!"

"விடிஞ்சதும் தூங்கப் போகும்ல? அப்போ பாத்துக்கறேன். கொட்டாவி விட்டா பல்லும் தெரியும்."

"பல்லைப் பாத்து அளவெடுக்கப் போறீங்களா?"

"கேட்டா கட்டிக் கொடுப்பேன். எனக்கென்ன!"

அவன் சிரித்துவிட்டான். ஏறிய பல் இப்போது மற்றதோடு சேர்ந்து சிரித்தது. அட, நல்லாத்தான் இருக்கு... என்று அவள் மனசு சொன்னது. சும்மா இரு, என்று அதட்டி உட்காரவைத்தாள்.

அப்புறம் வேலை விட்டதும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கருநீலத் துணி வேண்டாம், அந்த நிறத்துக்கு ஒரு பொல்லாத ஈ தேடி வந்து கடிக்கும் என்றான். சின்ன விமானத்தில் கடினமான பெட்டியை ஏற்ற மாட்டார்கள், துணிப்பைதான் சரி என்றான்.

"நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று கேட்டாள்.

பேனா நின்றது. "ஒரு தடவைகூட இல்லை."

"என்னது!"

"போயிட்டு வந்தவங்க சொல்றதைக் கேட்டு, போறவங்களுக்குச் சொல்றேன். அவ்ளோதான். நேர்ல போய், நான் சொன்னதெல்லாம் தப்புன்னு ஆயிட்டா... அந்த பயம்."

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, மேஜையிலிருந்த பைனாகுலரை எடுத்து அவள் கையில் கொடுத்து ஜன்னலைக் காட்டினான். "ஓரமெல்லாம் கறுப்பா இருக்கும். நடுவுல மட்டும் வட்டமா தெரியும். பழகிடும்."

அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல பாத்தா... எல்லாருக்கும் இப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான்."

மழையில் நனைந்த தெருவை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பைனாகுலரை இறக்கினால் கண்ணீர் தெரிந்துவிடும்.

அன்று மேகம் மூடிச் சீக்கிரமே இருட்டியது. அவள் கிளம்பிப் படியிறங்கும்போது பொசுக்கென்று கரண்ட் போயிற்று. அவ்வளவுதான். உலகமே இல்லை. சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். கீழே வைத்தால் படியா பள்ளமா தெரியாது.

"மேடம், குடையை விட்டுட்டுப் போயிட்டீங்க..." மேலிருந்து அவன் குரல் இறங்கி வந்தது. "ஏன் நின்னுட்டீங்க? இருட்டுன்னா பயமா?"

"பயமில்லை. படி எங்கேன்னு தெரியலை."

போனில் வெளிச்சம் போட்டான். அவளுக்கு அது எங்கோ ஒரு புள்ளி. குரல் வந்த பக்கமாகத் திரும்பி, அவன் நிற்காத இடத்தைப் பார்த்து, "எங்கே நிக்கறீங்க?" என்றாள்.

"அன்னிக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னீங்களே..."

"நிஜமாத்தான் சொன்னேன். இன்னும் கொஞ்ச வருஷத்துல சுத்தமா தெரியாது. போதுமா?"

அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அடுத்த தடவை போனபோது வாசலிலிருந்து மேஜை வரை வழி காலியாகக் கிடந்தது. நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. ஒட்டகச்சிவிங்கியைக் காணோம்.

"எங்கே அது?"

"உள்ளே வெச்சிட்டேன். நீங்க இடிச்சுக்கக் கூடாதுன்னு..." ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரல்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. "எங்க வீட்டுலயும் இப்படித்தான். அக்கா இடிச்சுக்குவான்னு ஒவ்வொரு சாமானா ஒதுக்கினாங்க. கடைசியில அவளையே ஒரு ரூம்ல ஒதுக்கிட்டாங்க. நான் எங்கேயும் போகலை. கேன்சல் பண்ணிடுங்க."

"இல்ல, நான் என்ன..."

"கேன்சல் பண்ணிடுங்க!"

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? போன் அடித்தது, எடுக்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். ஒருநாள் வாசலில் கால் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த வாளி தெரியவில்லை. வட்டம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள்.

"என்னடி, யானை என்னாச்சு?" என்றாள் அக்கா.

"போகலை. அவன் பாவப்படறான்."

அக்கா கையால் துழாவி அவள் தாடையைப் பிடித்தாள். "நீயும்தான் தினமும் என்னைப் பாத்துப் பாவப்படறே. எனக்குத் தெரியாதா? அதுக்காக நான் உன்கூடப் பேசாம இருந்தேனா? எனக்கு மருந்துக்கடைப் பலகையே போதும்னு ஆயிடுச்சு. நீயும் வீம்பு பிடிச்சு இன்னொரு பலகையைப் பாத்துட்டு வந்து உட்காரப் போறியா?"

அவள் அக்காவின் கையைத் தாடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு, பையை எடுத்துக்கொண்டு பல் கூடத்தின் வாசலுக்கு நடந்தாள். தடால்! முழங்கால் எதிலோ மோத, அது உருண்டு விழுந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

அந்தக் குரல்! அவள் அவசரமாகக் குனிந்து தேடினாள். மர ஒட்டகச்சிவிங்கி. கழுத்தைத் தடவினாள். ஒட்டிய இடம் அசையவில்லை.

"நான்தான் வழியில வெச்சேன்," என்றான். "இனிமே எதையும் ஒதுக்க மாட்டேன். நீங்க இடிங்க, நான் திட்டறேன். சரியா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தொலைத்தது. "உங்களுக்கு என்ன பைத்தியமா? எங்க அக்காவை ஒரு தடவை வந்து பாருங்க. நாளைக்கு நான் அப்படித்தான். யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன். நல்லா பயந்துட்டும்தான் வந்தேன். நானும் உங்ககூட வரேன். தெரியற வரைக்கும் நீங்க பாருங்க. தெரியாம போனப்புறம் நான் சொல்றேன். பாக்காத ஊரையே இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்... உங்க பக்கத்துல நின்னு பாத்ததைச் சொல்ல மாட்டேனா?"

அவள் ஒட்டகச்சிவிங்கியை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பாவம் கொஞ்சம் இருக்கு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பிடிச்சது அதுக்கு முன்னாடியே. சிங்கத்துக்குப் பல்லு கட்டறேன்னு சொன்னீங்களே, அன்னிக்கே."

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வேலை மேஜை முன்னால் உட்காரவைத்தாள். பல் நிறம் பார்க்கும் விளக்கைப் போட்டு அவன் முகத்துப் பக்கம் திருப்பினாள்.

"கொஞ்சம் இடது பக்கம்... ம், நடுவுல வாங்க. தலையைக் குனியாதீங்க."

"வெக்கமா இருக்கு..."

"இருக்கட்டும்."

முதலில் பல். பிறகு உதடு, மூக்கு, புருவத்தில் ஒரு பழைய தழும்பு. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து, முகம் முழுவதையும் பார்த்து மனசுக்குள் சேர்த்தாள்.

"யானையைப் பாத்துட்டா போதும், அதோட கண்ணு மூடிக்கட்டும்னு இருந்தேன்," என்றாள் மெல்ல.

"இப்போ?"

"யானையை அக்காவுக்காகப் பாத்துட்டு வரலாம். எனக்குக் கடைசியா உங்க முகம்தான் வேணும்..."

அவன் கண் கலங்கியது. வட்டத்துக்குள் அதுவும் தெரிந்தது.