மருந்து இறங்கியாச்சு

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் இன்னும் இருந்தது. ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் மண்பாதையின் கடைசியில் தங்கையின் வீடு. கோரை அழுகும் வாசனை, கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் ஈர வாசனை. எல்லாம் போன வருஷம் இருந்தபடியே இருந்தன.

பறவைகள் வந்திறங்கும் பருவத்தில் தையல் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வருவது என் வழக்கம். இந்த முறை நான் வேட்டைக்கு வரவில்லை. தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்தேன். மச்சான் போன பிறகும் அவள் அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவள், இப்போது பால்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தாள்: "அண்ணனை உடனே வரச் சொல்லுங்க. துப்பாக்கி சரியில்ல."

கதவைத் திறந்தவள் சிரித்தாள்.

"வாங்க டெய்லர் சார். தங்கச்சி இருக்காளா போயிட்டாளான்னு அளவெடுக்க வந்தீங்களா?"

"வாய் மட்டும் இளைக்கல. துப்பாக்கிக்கு என்னம்மா?"

சிரிப்பு நின்றது. "நீயே பாரு."

அது சமையலறைச் சுவரில், இரண்டு முளைகளின் மேல் படுத்திருந்தது. குழாயின் வாய் வழியாக மருந்து போட்டு இடிக்கும் பழைய பறவைத் துப்பாக்கி. அதற்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். கருமருந்து மச்சானின் கொம்புக்குப்பியில் இருக்கும். ஈய ரவை என் இடுப்புப் பையில் இருக்கும். ரெண்டையும் ஒரே ஆள் சுமக்க மச்சான் விடமாட்டார். "மாமியாரும் மருமகளும் மாதிரி மச்சான். தனித்தனியா வெச்சாத்தான் வீடு தப்பும்" என்பார்.

படகில் ஏறிவிட்டால் பேச்சில்லை, பறவை கலைந்துவிடும். அவர் மருந்தை ஊற்றி, கிழிந்த கம்பளித் துண்டை அதன்மேல் வைத்துக் கம்பியால் இடிப்பார். பிறகு விரல் முட்டியால் துப்பாக்கிக் கட்டையில் இரண்டு தட்டு. மருந்து இறங்கியாச்சு என்று அர்த்தம். உடனே என் கை ஒரு அளவு ரவையைக் குழாயில் சாய்க்கும். அவர் மறுபடி இடித்து, நெருப்புப் பொறிக்கான கேப்பு வைத்து, அதை அடிக்கும் குதிரையைப் பின்னால் இழுத்து ஏற்றுவார். டக்கென்று ஒரு சத்தம். வீட்டுக் கொல்லையில் வைத்துச் சுட்டுப் பார்க்கும் நாட்களில், அந்த டக் கேட்டதுமே தங்கை எங்கே நின்றாலும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். சுட்டு முடிந்து புகை கலைந்த பிறகும் கையை எடுக்கமாட்டாள். "காது அவிஞ்சு போச்சா?" என்று மச்சான் கேலி செய்வார்.

போன வருஷம் விடிகாலைப் பனியில், படகின் அந்த முனையில் இரண்டு தட்டுக் கேட்டது. நான் ரவையை அளந்து கையை நீட்டினேன். எதிரே குழாய் இல்லை. பனியை விலக்கிப் பார்த்தால் துப்பாக்கி பலகையில் கிடந்தது. அவர் இல்லை. தண்ணீரில் ஒரு சலனம்கூட இல்லை. ஊரே இறங்கித் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. மருந்துக்கொம்பும் அவரோடு போயிற்று. துப்பாக்கியிலிருந்த மருந்தை நானே எடுத்துக் கொட்டி, குழாயைக் கழுவிக் காயவைத்து மாட்டிவிட்டுப் போனேன். ரவைப் பையையும் கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.

இப்போது துப்பாக்கியை இறக்கிக் கம்பியை உள்ளே விட்டேன். கம்பியில் மச்சான் ஒரு கீறல் போட்டிருந்தார். குழாய் காலியாக இருந்தால் கீறல் குழாயின் வாயோடு சரியாக நிற்கும். மருந்து இருந்தால் இரண்டு விரல் மேலே நிற்கும்.

இரண்டு விரல் மேலே நின்றது.

"யாராவது தொட்டாங்களா?"

"யார் இருக்கா தொட? நானும் பல்லியும்தான்."

கம்பியின் திருகுமுனையால் கம்பளித் துண்டை வெளியே இழுத்தேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல் நனைந்திருந்தது. அதில் ஒரு பாசி நூல். அதன் கீழே இருந்த மருந்து மட்டும் பொடிப்பொடியாக, உலர்ந்து கொட்டியது.

வெந்நீர் ஊற்றிக் குழாயை இரண்டு தரம் கழுவினேன். வாய்ப்பக்கம் அவள் அடுப்பெதிரே போட்டு உட்காரும் முக்காலியைப் பார்த்திருந்ததால், துப்பாக்கியை எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. முதல் கவளத்தை எடுத்திருப்பேன்.

டொக். டொக்.

தங்கை தலை நிமிரவில்லை. "தினம் இப்படித்தான்" என்றாள்.

நான் சுவரைப் பார்க்கவில்லை. என் வலது கையைத்தான் பார்த்தேன். கவளத்தைத் தட்டில் உதறிவிட்டு, அது என் இடுப்பில், பை இல்லாத இடத்தில், பையின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தது.

இடது கையால் அதைப் பிடித்து இழுத்து வைத்தேன்.

"அவர் பாதியில நிக்கிறாரு அண்ணா" என்றாள் மெதுவாக. "நீ ரவையைப் போட்டு விட்டுடேன். முடிஞ்சுதுன்னு போயிடுவாரு."

"போட்டா யாரைச் சுடுறதுக்கு?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குழாயின் வாய் மறுபடி முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீறல் இரண்டு விரல் மேலே.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. படகுக்காரரைக் கூப்பிட்டேன். துப்பாக்கி, கம்பி, ரவைப் பை மூன்றையும் கோணியில் வைத்துக் கல்லோடு கட்டினேன்.

"நல்ல இரும்புங்க" என்றார் படகுக்காரர். "எனக்குக் குடுத்தா பழைய விலைக்காவது போடுவேன்."

"அண்ணே, நீங்க பிள்ளகுட்டிக்காரரு. வேண்டாம்."

என் முகத்தைப் பார்த்தார். துடுப்பை எடுத்தார். ஆழத்தில் போட்டோம். கோணி நேராக இறங்கியது. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

தங்கை அழுதாள், பிடிவாதம் பிடித்தாள், கடைசியில் வந்தாள். மத்தியான பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். அவள் தூங்கி நான் பார்த்தது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான். கை தட்டினால் தூசி பறக்கிற வறண்ட ஊர் என்னுடையது. ஏரி கிடையாது, குளம் கிடையாது. தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

கடைக்குப் பின்னால்தான் என் வீடு. மறுநாளே பொத்தான் தைக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். "கூலி உண்டா, இல்ல சோத்துக்குத்தான் வேலையா?" என்று கேட்டாள். பழைய தங்கையாகிக்கொண்டு வந்தாள். வெட்டும் மேசைக்கு அந்தப் பக்கம், ஜன்னல் வெளிச்சத்தில் அவள் இடம்.

ஒருநாள் சாயங்காலம், மேசையில் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தெரு சத்தமாக இருந்தது. திடீரென்று கோரை வாசனை.

மேசைப் பலகையில், அடிப்பக்கமிருந்து:

டொக். டொக்.

சாக்குக்கட்டி விழுந்து உடைந்தது. என் கை இடுப்புக்குப் போனது. இடது கையால் பிடித்தேன். மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். எலும்பு வலித்தது. அது என் பலம் இல்லை, அதைவிடப் பெரிய பலம். ஒன்றுமில்லாத இடத்தில் கை மூடியைத் திறந்தது. ஒன்றுமில்லாததை அளந்தது. அத்தனை வருஷம் செய்தபடியே, ஒரு மணி சிந்தாமல், காற்றில் சாய்த்தது.

ஈய ரவை இரும்புக் குழாயில் சரசரவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

கை தளர்ந்து விழுந்தது. மறுபடி என் கையாயிற்று.

"நான் போடலம்மா" என்றேன். "சத்தியமா நான் போடல."

யாரோ கம்பியால் நிதானமாக இடித்தார்கள். ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு தெருச் சத்தம் மட்டும்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

தங்கை தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

மெதுவாக இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டாள்.