கொழுந்து நிறைக்குக் கீழே

ஹட்டனில் விடியலிலிருந்து ஒரே மழை. தேயிலைக் கம்பனியின் கணினிப் பிரிவு வாசலில், நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மீனம்மா நின்றாள். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், மேல் டிவிசன் வேலையாட்களை மேய்க்கும் கண்டாக்கு அழகுமுத்துவின் மனைவி அவள்.

"எங்க டிவிசன் மேட்டு லயத்து வீடுங்க மேல மண்ணு சரிஞ்சு, அங்க இருந்த ராசம்மா புருசன் செத்துட்டாருங்க. முன்னாடியே சொல்லலேன்னு தோட்டத்துத் துரை எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரரு தலையில கட்டிட்டாரு. இவரு மெயில் போட்டேன்னு சத்தியம் பண்றாரு. இப்ப அவரு மெயில் பொட்டியவே காணோமுங்குறாங்க. நாளைக்கு விசாரணை. வேலை போனா குவாட்டர்ஸும் போயிரும்."

பிரிவின் இளம் ஊழியன் நிரோஷனுக்குக் கை துறுதுறுத்தது. கடவுச்சொல் மறந்தவர்களோடு மாரடித்தே நாள் போகும் அலுவலகத்தில் இப்படியொரு வழக்கு வருவதே பெரிய விஷயம். பிரிவுத் தலைவி கேதீஸ்வரிக்கோ அந்த உற்சாகமெல்லாம் எப்போதோ வற்றிப்போயிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் குளிரிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்.

"முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ அம்மா. உங்கட மனுசன் துரையோட நேர கதைக்கேல்லையே?"

"எங்கங்க மிஸ்! போனத் தூக்குனாலே கொழுந்து எவ்வளவுன்னுதான் கேப்பாரு. இத்தன கிலோன்னு நெறயச் சொன்னதும் வச்சிருவாரு. வேற பேச்சு அவரு காதுல ஏறாது."

நிரோஷன் சேர்வரைத் துழாவினான். அழகுமுத்துவின் கணக்கு போன வாரம் நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் பெயர்: தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சுதாகரன்.

"மாட்டிக்கிட்டாரு மிஸ்!"

"அந்தரப்படாதையும். கிளாக்கரின்ரை பாஸ்வேர்ட் திரையிலயே ஒட்டிக் கிடக்கு. அந்த ஒபிசில எல்லாருக்கும் தெரியும். நீர் முதல்ல அந்த மெயில் பெட்டியை மீட்டு எடும்."

ஆளின் கணக்கை நீக்கினாலும் அவன் மெயில் பெட்டி உடனே அழிந்துவிடாது. சொந்தக்காரன் இல்லாமல் கொஞ்ச நாள் சேர்வரிலேயே கிடக்கும். நிரோஷன் புதிதாக ஒரு கணக்கைத் திறந்து அந்தப் பெட்டியை அதனோடு இணைத்தான். உள்ளே மெயில்கள் எல்லாம் இருந்தன. ஆனால், அடக் கடவுளே, அத்தனைக்கும் ஒரே தலைப்பு: 'கொழுந்து நிறை'. 'மண்சரிவு' என்று தேடினான். ஒன்றுமில்லை. மீனம்மாவின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குப் பாவமாக இருந்தது.

கேதீஸ்வரி தோட்ட மேலாளரான துரை ஜெயகாந்தனுக்கு அழைத்து, அவருடைய பெட்டியையும் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் தயங்கவே இல்லை.

"தாராளமா பாருங்க. ஒரு எச்சரிக்கையும் எனக்கு வரல்ல."

"இதுலயும் இல்ல மிஸ்," என்று நிரோஷன் சலித்துக்கொண்டான். "கீழ் டிவிசன் நெற, நடு டிவிசன் நெற. தெனம் தெனம் இதே கூத்துதான்."

கேதீஸ்வரி அவன் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் எதையோ வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"காணும். வேற ஒண்டும் தேவையில்லை. நாளைக்கு நாங்களும் போவம்."

மறுநாள் தோட்டத்து ஒபிசில் கொழும்பிலிருந்து வந்த கம்பனிப் பணிப்பாளர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் துரையும் கிளாக்கரும். எதிரே அழகுமுத்து, மீனம்மா. சாட்சிக்கு வந்த ராசம்மா சுவரோரம் இருந்தாள்.

கேதீஸ்வரி எழுந்தார். "ஒரு மெயிலை மறைக்கிறதெண்டா அந்த ஒண்டை அழிச்சாக் காணும். முழுப் பெட்டியையும் ஏன் அழிக்கவேணும்? போன எச்சரிக்கை ஒண்டு மட்டுமில்லை, கனக்க. துரைக்கு மூண்டு டிவிசன். அவரின்ரை பெட்டியில ரெண்டு டிவிசன்ரை நிறைதான் கிடக்கு. மேல் டிவிசன்ரை ஒண்டுகூட இல்லை. வெறும் நிறைக்கணக்கை ஆர் தேடித்தேடி அழிப்பினம்? அதுக்குக் கீழ வேற எழுத்து இருந்ததெண்டு தெரிஞ்ச ஆள்தான். கிளாக்கருக்குத் துரையின்ரை பெட்டியைத் திறக்கேலாது. ஆனா கிளாக்கரின்ரை பாஸ்வேர்ட் துரைக்குத் தெரியும்."

"கொழுந்துன்னு தலைப்புப் போட்டாத்தாங்க ஐயா தொறப்பாரு," என்றார் அழகுமுத்து, தலை குனிந்தபடியே.

நிரோஷன் மடிக்கணினியில் அழகுமுத்துவின் பெட்டியைத் திறந்தான். நிறைக்குக் கீழே, இறங்கிப் பார்த்தால்: 'மேட்டு லயத்துக்குப் பின்னால மண்ணு வாய் பொளந்திருக்குங்க ஐயா.' மறுநாளும் அதே. அதற்கு மறுநாள், 'இன்னும் அகலமாயிருச்சுங்க.'

துரை கம்பனி நெருக்குதல், மழைக்காலம் என்று ஏதேதோ பூசி மெழுகினார். பணிப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அழகுமுத்து, உங்க வேலைக்கு ஒண்ணுமில்ல."

மீனம்மா வாய்விட்டு அழுதாள். நிரோஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "துரை போட்ட பதிலும் இருக்குங்க சேர்!" என்று அதையும் உரக்க வாசித்தான்.

'பார்க்கலாம். ஆட்களுக்குச் சொல்லி வேலையைக் கெடுக்க வேண்டாம். இன்று நிறை ஏன் குறைவு?'

அதன் கீழே அழகுமுத்துவின் மறுமொழி: 'சரிங்க ஐயா. சொல்ல மாட்டேன்.'

வாசித்த பிறகுதான் நிரோஷனுக்கு உறைத்தது. கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தான். அவர் முதல் நாளே அதை வாசித்திருந்தார். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராசம்மா எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தெனமும் எங்க வாசல் வழியாத்தானே மலைக்குப் போனீங்க. எங்க வீட்டுக்காரரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னாரு, குடிச்சீங்க. அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லத் தோணலியாய்யா?"

அழகுமுத்து இரு கைகளையும் கூப்பினார்.

மீனம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு புருசன் பக்கத்திலிருந்து எழுந்தாள். ராசம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.