சொல்லிக்கொண்டு போனவன்

எதிர்வீட்டு வாசலில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

விருந்தாளி வந்தால் கால் கழுவ வைப்பார்களே, அப்படி. வாசற்படிக்கு வலப்பக்கம், நிலைக்கு ஒரு சாண் தள்ளி, துலக்கி வைத்த பித்தளைச் சொம்பு. உச்சிவெயிலில் தெருப்புழுதி கொதித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சொம்பின் வெளிப்பக்கம் மட்டும் குளிர்ந்து வியர்த்திருந்தது. இப்போதுதான் கிணற்றிலிருந்து சேந்திக் கொண்டுவந்து வைத்த மாதிரி. கதவில் பூட்டு தொங்கியது. அந்த வீட்டில் குடியிருந்த ஒரே ஆள், பூங்காவனம் என்கிற பெண்பிள்ளை, முந்தாநாள் சனிக்கிழமை செத்துப்போயிருந்தாள்.

உலகநாதன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். இந்த நாட்டில் எதற்கும் ஒரு சம்பிரதாயம் இருக்கும், இதற்கும் இருக்கும் என்று தேற்றிக்கொண்டு, பையிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் 'செத்தவர் வீட்டில் சொம்பு' என்று குறித்துக்கொண்டான்.

உலகநாதன் என்று பெயர் வைத்தார்களே தவிர, உலகத்தில் அவன் பார்த்திருந்தது ரங்கூனில் நாலு தெருவும் ஒரு மரவாடியும்தான். பிறந்தது அங்கே. மரவாடியில் குமாஸ்தாவாகி ஒன்பது வருஷம் தேக்குமரங்களுக்கு நம்பர் போட்ட பிறகு, முப்பத்தாறாம் வருஷம் பங்குனியில், முதல் முறையாக லீவு கிடைத்தது. கப்பலில் போகவர ஆகும் நாளைக் கழித்தால் தரையில் எட்டு நாள். அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினான். கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா இல்லை. வழியனுப்ப வந்தது மாடிப்படியில் படுத்திருந்த நாய் ஒன்றுதான். அதுவும் தலையைத் தூக்கிப் பார்த்ததோடு சரி.

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, ஏரிக்கரை வழியாக மாட்டுவண்டியில் பெரியம்மா மகன் தசரதன் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது, மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பூ. ஊதுவத்திப் புகை. தெருவடைத்த ஜனம். தன்னை வரவேற்கத்தான் இத்தனையும் என்று ஒரு கணம் அவன் நெஞ்சு விம்மிவிட்டது. பிறகு பாடையைப் பார்த்தான்.

எதிர்வீட்டுச் சாவு என்பதால் தசரதன் அவனை வண்டியிலிருந்து இறக்கி நேரே அங்கேதான் கூட்டிப்போனார். அங்கே பெரிய வாக்குவாதம். செத்தவளின் புருஷன் கங்காதரன் என்பவன் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரை விட்டுப் போனவன். இருக்கிறானா, செத்தானா என்பதற்குத் துப்பு இல்லை. அவளுக்குக் குங்குமம் வைப்பதா கூடாதா என்று அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் தசரதன்தான், அந்தம்மா வளையலைக் கழற்றாமல் இருந்தது, நாம் யார் கழற்ற என்று சொல்லிக் குங்குமம் வைக்கச் சொன்னார். தெருப் பெண்கள் முறைக்கு அழுதார்கள். அவளுக்கென்று அழ ஒரு ஆள் இல்லை.

அதுதான் உலகநாதனுக்குப் பொறுக்கவில்லை. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொண்டு கிளம்பு என்று அம்மா அடித்து வளர்த்த பிள்ளை அவன். கிளம்பும்போது பிணத்துக்கு நேரே நின்று கைகூப்பி, தனக்குத் தெரிந்த நல்ல தமிழில், "அப்ப நான் போயிட்டு வரேங்க," என்றான்.

மேளம் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் தசரதன் பெண்சாதி வரலட்சுமி அவன் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். "சாவு ஊட்ல யாராச்சும் சொல்லிகினு வருவாங்களா தம்பி? பேசாத எய்ந்து வந்துடணும். அங்க போயி வரேன்னு சொல்லலாமா? அதுவும் போயும் போயும் அந்தம்மாகிட்ட. அது புருசன் அப்படி சொல்லிகினு கப்பலேறுனவன்தான்."

எங்கே போனான் என்று இவன் கேட்டான்.

"ரங்கூனுக்கு," என்றாள் வரலட்சுமி.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை சொம்பு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை திருமுல்லைவாயில் கோயிலுக்குக் கிளம்பியபோது, வழக்கம்போல வாசலில் நின்று, "போயிட்டு வரேன் அண்ணி," என்று உள்ளே குரல் கொடுத்தான். வரலட்சுமி பதில் சொல்லவில்லை. பதில் எதிர்வீட்டிலிருந்து வந்தது.

"ம்."

சின்ன சத்தம். வாயைத் திறக்காமல் மூக்கால் விட்ட சத்தம். புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லும்போது, அடுப்படியில் கையில் வேலையோடு இருக்கிற பெண், திரும்பிப் பார்க்காமலே சொல்வாளே, அந்த மாதிரி நிதானமான, கோபமில்லாத, எத்தனை நாளானாலும் இருப்பேன் என்கிற ஒரு ம். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து.

அது புறா என்று முடிவு செய்தான். புறா இல்லாவிட்டால் மாடு. புறாவும் மாடும் இல்லாத தெருவாக இருந்தால் தன் வயிறு. திருமுல்லைவாயிலில் எருக்கந்தூணைத் தொட்டுப் பார்த்தபோதும், குளத்துப் படியில் உட்கார்ந்து நோட்டில் எழுதியபோதும், அந்த ம் காதுக்குள் பஞ்சுபோல அடைத்துக்கொண்டிருந்தது. வெட்கம் என்னவென்றால், அது அவனுக்குப் பிடித்திருந்தது. ஒன்பது வருஷமாக அவன் பூட்டிவிட்டுக் கிளம்பும் அறையிலிருந்து யாரும் ம் சொன்னதில்லை.

புதன்கிழமை மத்தியானம் பூந்தமல்லியிலிருந்து திரும்பும்போது, எதிர்வீட்டு ஜன்னலில் கஞ்சி வடிக்கிற வாசனை வந்தது. பூட்டிய வீடு. கம்பி வழியாகப் பார்த்தான். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் தரை தெரிந்தது. ஈரம் காயாமல் மெழுகியிருந்தது. நடுவில் ஒரு மணை. மணைக்கு முன்னால் நுனி வாழையிலை. இலையில் தண்ணீர் தெளித்திருந்தது.

மாலையில் அங்கே விளக்கேற்றப் போகும் முனியம்மாவைப் பிடித்துக் கேட்டான். வீட்டுச் சாவி அவளிடம்தான் இருந்தது. பதினாறு நாளைக்கு விளக்கு எரியவேண்டும், செத்தவளுக்கு ஆளில்லை என்று தசரதன் இவளை ஏற்பாடு செய்திருந்தார்.

"வெளக்கு ஏத்திட்டு திரும்பிப் பாக்காத வந்துடுவேன் சாமி," என்றாள் முனியம்மா. "எலையும் நான் போடல, சொம்பும் நான் வெக்கல. நேத்து அந்த சொம்ப எடுத்து நானே கமுத்தி வெச்சேன். காத்தால பாக்க சொல்ல ரொம்பிகினு நிக்குது."

பிறகு அவள் தெருவின் ஓரமாக நடந்து போனாள். அவன் நிழல் தன்மேல் படாதபடி.

அப்போதுதான் மற்றதெல்லாம் அவனுக்கு உறைத்தது. இரண்டு நாளாகத் தெருவில் யாரும் அவனை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. வந்த அன்று ரங்கூனில் எங்கள் மாமாவைப் பார்த்தாயா, சித்தப்பாவைப் பார்த்தாயா என்று மொய்த்தவர்கள் இப்போது அவன் வருவதைப் பார்த்ததும் உள்ளே போனார்கள். எட்டு நாளில் சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துவிடலாம் என்று வந்தவனுக்கு, இந்த ஊரில் பேச்சுத் துணைக்கு மிஞ்சியது ஒரே ஒரு ம்.

அன்று சாயங்காலம் சொல்லிக்கொள்ளாமல் திருடன்போலக் கொல்லைக்குப் போனான். வீட்டைச் சுற்றிக்கொண்டு அது வந்தது. "ம்."

வரலட்சுமிக்கும் கேட்டிருக்கவேண்டும். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவனை அடுப்படிக்குள் இழுத்து உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம கப்பலு வரிக்கும் இங்க இருக்காத. நாளைக்கே கெளம்பு. பட்டணத்துல சத்திரத்துல படுத்துகினு அப்படியே கப்பலேறிடு. தண்ணிய தாண்டிட்டா அதுக்கு எட்டாது. தோட்டத்து வழியா போ. யார்கிட்டயும் சொல்லிக்காத. எங்ககிட்டயும் சொல்லிக்காத, தம்பி."

மறுநாள் காலை கட்டுச்சோற்றை அவன் கையில் கொடுக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தோட்டத்து வேலியைத் தாண்டி, பின்பக்க வரப்போரம் காத்திருந்த வண்டியில் ஏறி, ஸ்டேஷன் வரைக்கும் தசரதனும் அவனும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் வண்டியைத் திருப்பினார். ஏரிக்கரையில் வண்டி சின்னதாகி மறையும்வரை உலகநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் செய்யவேண்டும் என்று பேசி வைத்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். பிளாட்பாரத்தில் ஆள் இல்லை. வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தான். தப்பித்தாயிற்று. ரயில், சத்திரம், கப்பல், பிறகு ரங்கூனில் அவன் அறை. பூட்டைத் திறந்தால் மூன்று வாரத்துக் காற்று அடைந்து கிடக்கும். கூஜாவில் தண்ணீர் வற்றியிருக்கும்.

முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த பிறகாவது கண்ணை மூடியிருப்பாள். அதற்குள் ஒரு மடையன் கப்பலிலிருந்து இறங்கி வந்து, அவளிடம் போய், வரேன் என்றான். இன்னொரு முறை. இப்போது அந்த மடையனும் பின்பக்கமாக ஓடுகிறான். தண்ணீரைத் தாண்டிவிட்டால் அவளுக்கு எட்டாது, சரி. பதினாறு நாளும் சொம்பை நிரப்பி நிரப்பி வைப்பாளே, அதற்கு என்ன செய்வது?

போய் முறையாகச் சொல்லிவிட்டு வந்தால் என்ன? உள்ளே போகவேண்டாம். வாசலில் நின்று, நான் வரமாட்டேன், காத்திருக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை. ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டால் அவளுக்கும் விடுதலை, தனக்கும் விடுதலை. உலகத்தில் இத்தனை முட்டாள்தனமான யோசனை தன்னைத் தவிர வேறு எவனுக்கும் வராது என்று அவனுக்கே தெரிந்தது. பெட்டியை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு நடந்தான்.

ஏரிக்கரையில் வெயில் வெள்ளையாக நின்றது. தண்ணீர் அசையவில்லை. கரையில் பனைமரத்து நிழல்கள் எல்லாம் அதனதன் அடிக்குள்ளேயே சுருண்டு கிடந்தன. எப்போதும் கத்தும் நாரைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. தன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரம் போனபின் அதுவும் கேட்கவில்லை.

தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. வரலட்சுமியின் வீட்டுக் கதவும்.

எதிர்வீட்டுப் பூட்டு பூட்டியபடியே நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது.

படிக்குக் கீழே நின்றான். கைகூப்பினான்.

"அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் இல்லைங்க. தெரியாம சொல்லிட்டேன். நான் ஊருக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

ம் வரவில்லை.

அவன் காத்திருந்தான். உள்ளே அடுப்பில் சுள்ளி முறிகிற சத்தம் நின்றது. கண்ணாடி வளையல்கள் மெல்ல ஒருமுறை உரசின. பிறகு ஒரு சத்தம் தொடங்கியது. வாயைத் திறக்க முடியாத ஒருத்தி அழுகிற சத்தம்.

ஓடவேண்டும். அவனுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் ஓடியிருந்தால் ரயிலையே பிடித்திருக்கலாம். ஆனால் அழுகிறவளை விட்டுவிட்டு ஓடுவது எப்படி என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

"சரி, சரி. அழாதீங்க," என்றான். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பறேன்."

அழுகை நின்றது. சட்டென்று.

சொம்பை எடுத்தான். தண்ணீர் சில்லென்றிருந்தது. குடிக்கத்தான் எடுத்தான். கை தானாகச் சாய்ந்து காலில் ஊற்றியது. வலது கால். பிறகு இடது கால்.

படி. நிலை. இருட்டு.

ஈரச் சாணி வாசனை. கஞ்சி வாசனை. அடியில் வேறொன்று, வாடிய மாலை வாசனை.

மணையில் உட்கார்ந்திருந்தான். எப்போது உட்கார்ந்தான்? இலையில் சோறு. ஆவி இல்லை.

அடுப்படி வாசலில் அவள் நின்றாள்.

கோடிப்புடவை. காசளவு குங்குமம். மோவாயிலிருந்து உச்சந்தலைக்குச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. அதற்கு மேலே கண்கள். அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த கண்கள்.

நடக்கவில்லை. இரண்டு பாதமும் ஒட்டியபடி நகர்ந்தாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. ஒரு நகர்வு. வளையல். ஒரு நகர்வு. வளையல்.

தூரத்தில் ரயில் ஊதியது.

எழுந்திரு என்று தனக்குச் சொன்னான். கால்கள் முன்னால் நீண்டிருந்தன. ஈரம் காயாத கால்கள். அவன் கால்கள்தான்.

அவள் அவற்றின் அருகே உட்கார்ந்தாள். முந்தானை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, நாடா அகலத்துக்கு நீளமாகக் கிழித்தாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அவன் பாதங்களை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தவனுடைய தூசியைத் தட்டிவிடுகிறவள்போல மெல்லத் துடைத்தாள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்தாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முடிச்சு.

ரயில் கிளம்பும் சத்தம் ஏரிக்கு மேலே வந்து, தேய்ந்து, போயிற்று.

முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மோவாய்க்கும் உச்சந்தலைக்கும் கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டு, முந்தானையிலிருந்து இன்னொரு துண்டைக் கிழிக்கத் தொடங்கினாள்.

இது கொஞ்சம் நீளம்.