பாலம் தாண்டாத ஆடுகள்

பட்டாணிக்குப் பத்து வயது. வகுப்பிலேயே அவள்தான் குட்டை என்பதால் வந்த பெயர் அது. ஆனால் கடந்த மூன்று மாதமாக அவள் அடித்த தம்பட்டத்தைக் கேட்டவர்கள், முரசு என்று பெயர் வைத்திருக்கலாமே என்றுதான் நினைத்தார்கள்.

தம்பட்டத்துக்குக் காரணம் அவள் சித்தி. தையல் கடைக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட அலுவலகத்தில், சித்தியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். அதன் பெயர் ‘ஆடு மேய்க்கும் அரசி’. அரசி ஊரெல்லாம் அலைந்து ஆடுகளைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். பிறகு பாலத்தைத் தாண்டி மலைக்கு ஓட்டிப் போக வேண்டும்.

“எங்க சித்தி செய்யுற கேம்” என்று பட்டாணி சொல்லாத ஆள் பாக்கியில்லை. பள்ளிப் பேருந்தின் ஓட்டுநருக்குக்கூட வெளியாகும் தேதி மனப்பாடம்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. காலை எட்டு மணிக்கே லாரி அவள் வீட்டில் ஆஜர். அவன் அவளுடைய வகுப்புத் தோழன். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

முதலில் ஒரே சிரிப்பு. ஓர் ஆடு தலையைத் தரைக்குள் புதைத்துக்கொண்டு பின்னங்கால்களால் நடந்தது. பாலத்துக் காவலாளியின் மீசை முகத்தைவிட்டு இறங்கித் தனியாக உலாவப் போனது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

லாரி இரண்டு மணி நேரம் பாடுபட்டு நாற்பது ஆடுகளைச் சேர்த்தான். அரசி பாலத்தில் கால் வைத்தாள். அவ்வளவுதான். பாலம் இருந்தும் இல்லாதது போல, அரசியும் ஆடுகளும் அதற்குள் புகுந்து கீழே விழுந்தார்கள். விழுந்தார்கள், விழுந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் திரை அப்படியே நின்றுபோனது. மறுபடி திறந்தால், முதல் ஆட்டிலிருந்து தொடங்கச் சொன்னது.

லாரி விளையாட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டான். 

அவளும் விளையாடிப் பார்த்தாள். மூன்று முறை விழுந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பே அவளைச் சூழ்ந்துகொண்டது. வாய் திறந்தவர்கள் எல்லாரும் விழுந்திருந்தார்கள். பாலத்தைக் கட்டினார்களா, கோந்து போட்டு ஒட்டினார்களா என்று ஒருவன் கேட்டான். லாரி ஒரு கடிதமே எழுதிக்கொண்டு வந்திருந்தான். ‘இது குப்பை. செய்தவர்களுக்கு வெட்கமே இல்லை’ என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்கத் திட்டு. கீழே இருபது கையெழுத்து.

“நீயும் போடு” என்று அவளிடம் பேனாவை நீட்டினான். “போடலன்னா நீ அவங்க கட்சி.”

பட்டாணிக்கும் கோபம் இல்லாமல் இல்லை. மூன்று மாதத் தம்பட்டம் மூன்று நிமிடத்தில் கவிழ்ந்திருந்தது. ஆனாலும் கை எழவில்லை. நாளைக்குப் போடுவதாகச் சொல்லி நழுவினாள்.

அன்று மாலை அம்மா சித்திக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார். சித்தி இரண்டு நாளாக வேளைக்குச் சாப்பிடவில்லையாம்.

அலுவலகத்தில் சித்தி பென்சிலைக் காணோம் என்று மேசையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பென்சில் அவர் கொண்டையில் இருந்தது. பட்டாணி அதை உருவிக் கொடுத்தாள். ஒரு கணினியில் அரசி ஆடுகளோடு நின்றிருந்தாள். ஆடுகளின் தலைக்கு மேல் அ, ஆ, இ, ஈ என்று எழுதியிருந்தது. இன்னொரு கணினியில் ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதிய வசவுகள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தன. சித்தி ஒன்று விடாமல் படித்திருந்தார் என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்று சித்தி முன்பே கேட்டிருந்தார். அலுவலக மேனேஜரோ தேதியை ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று அவசரப்படுத்திவிட்டார். இப்போது அவரே கையைப் பிசைந்துகொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் விளையாட்டையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“பாலத்தைச் சரி பண்ணிட்டா போச்சு, சித்தி” என்றாள் பட்டாணி.

“எதனால விழுறாங்கன்னு தெரிஞ்சா பண்ணிருவேனே. நான் நூறு தடவ தாண்டிட்டேன். எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது.”

“இத்தன பேரு எழுதியிருக்காங்களே?”

“திட்டிதான் எழுதியிருக்காங்க. விழுறதுக்கு முன்னாடி என்ன செஞ்சாங்கன்னு ஒருத்தர்கூட எழுதல.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பட்டாணி அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் லாரியிடம், கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு முன்னால் எல்லாரும் தாங்கள் விழுந்த கதையை எனக்குச் சொல்ல வேண்டும் என்றாள். தன் குறையைச் சொல்ல யாருக்குத்தான் கசக்கும்? சாப்பாட்டு இடைவேளையில் அவள் மேசை முன் வரிசை நின்றது. எத்தனை ஆடு, மழையா வெயிலா, அரசி என்ன செருப்பு போட்டிருந்தாள் என்று பட்டாணி கேட்டுக் கேட்டு எழுதினாள். நான்கு பக்கம் நிறைந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வரிசையில் கடைசியாக வந்தவள் சுருக்கு. ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம்.

“நான் விழல” என்றாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. லாரி நம்பவில்லை. சுருக்கு தன் அக்காவின் போனில் மூன்று முறை மலைக்குப் போய் வந்திருந்தாளாம்.

“உன் ஆட்டுக்கெல்லாம் என்ன பேரு?” என்று கேட்டாள் பட்டாணி. அதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி அது.

“மணி.”

“அடுத்தது?”

“மணி ரெண்டு.”

அப்படியே மணி நாற்பது வரை போனது.

பட்டாணி லாரியைப் பார்த்தாள். அவன் பெருமையாக, தன் முதல் ஆட்டின் பெயர் ‘சனிக்கிழமை மட்டும் குளிக்கும் வீரசிங்கம்’ என்றான். மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு முழ நீளப் பெயர். பட்டாணிக்குச் சித்தியின் ஆடுகள் நினைவுக்கு வந்தன. அ, ஆ, இ, ஈ. பாவம், அவருக்குப் பெயர் யோசிக்க ஏது நேரம்?

பள்ளி விட்டதும் மூவரும் லாரி வீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரே ஓர் ஆடு. ஒவ்வொரு முறையும் அதன் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் பாலத்துக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு எழுத்து வரை அரசி ஒய்யாரமாகத் தாண்டினாள். பதின்மூன்றாவது எழுத்தில் தொபுக்கடீர்.

அரசி விழுந்ததற்கு மூன்று பேரும் கைதட்டியது அதுவே முதல் முறை. லாரியின் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

லாரி தன் கடிதத்தை எடுத்துத் திட்டுகளை ஒவ்வொன்றாக அடித்தான். கண்டுபிடித்ததை வரிசையாக எழுதினான். ‘குப்பை’ என்ற சொல்லை மட்டும் அடிக்காமல் விட்டான்.

“ஒண்ணாவது இருக்கட்டும். யோசிச்சு எழுதுனது” என்றான்.

பட்டாணி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். சுருக்கும் போட்டாள்.

சித்தி அந்தக் கடிதத்தை நின்றபடியே படித்தார். ஓர் ஆட்டுக்கு நீளமாக ஒரு பெயர் வைத்து ஓட்டினார். அரசி விழுந்தாள். சித்தி நாற்காலியில் சாய்ந்து, “அப்பாடா” என்றார்.

பாலத்தில் காவலாளி ஒவ்வோர் ஆட்டின் பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வானாம். பன்னிரண்டு எழுத்துக்குத்தான் சித்தி அதில் இடம் விட்டிருந்தாராம். பதின்மூன்றாவது எழுத்து பாலத்தையே தின்றுவிட்டது.

“உங்க கண்ணுல பட்டது எனக்குப் படல, பாரு” என்று சொல்லிக்கொண்டே வேலையில் இறங்கினார்.

வியாழக்கிழமை பாலம் சரியானது. மீசையும் முகத்துக்குத் திரும்பியது. மேனேஜர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, சாக்குப்போக்குச் சொல்லாமல் ஒரு கடிதம் வெளியிட்டார். வெள்ளிக்கிழமைப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து, விளையாட்டின் இரண்டாம் பாகம் தயாரானது. இந்த முறை சித்தி வகுப்பு முழுவதையும் அலுவலகத்துக்கு அழைத்தார். படியெல்லாம் செருப்பு. உட்கார இடம் போதாமல் பாதிப் பேர் தரையில். பத்தே நிமிடத்தில் சுருக்கு அரசியை ஒரு மரத்துக்குள் மாட்டிவிட்டாள். லாரி கடலையே காணாமல் போகச் செய்தான். பட்டாணி நோட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், அதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று கேட்டு எழுதினாள்.

மேனேஜர் உள்ளே வந்து, எப்போது வெளியிடலாம் என்று சித்தியிடம் கேட்டார்.

சித்தி திரையிலிருந்து தலையைத் திருப்பாமல் லாரியைக் கைகாட்டினார்.

லாரி, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, மெதுவாகப் பேசினான்.

“அவசரப்படாதீங்க சார். முதல்ல கடல் எங்க போச்சுன்னு பாப்போம்.”