குச்சி நடித்த காட்சி

அந்தத் தெருவுக்குள் யாராவது புதியவர் வந்து வழி கேட்டால் போதும், விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்:

“அந்த வீட்டைத் தேடியா வந்தீங்க? அவங்க போயி ரொம்ப நாளாச்சே.”

பாவம், வந்தவர் திருதிருவென்று விழிப்பார். புதிதாக வந்த தபால்காரர் ஒருநாள் இதை நம்பித் திரும்பியே போய்விட்டார்.

அது ஒரு சினிமா வசனம். இன்னும் வெளிவராத சினிமா. அதைப் பேசி நடித்தவள் சலூன்காரரின் மகள். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். தெருவே அவளை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடும். அவளுடைய தோழி மட்டும் செல்லமாகக் குச்சி என்பாள்.

தோழிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாயாடி. வகுப்பில் எந்த இடத்தில் உட்காரவைத்தாலும் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிடுவாள். இடம் மாற்றி மாற்றி ஆசிரியருக்கே அலுத்துப்போய்விட்டது.

வாயாடியின் அம்மா படத்தொகுப்பாளர். கேமராவில் எடுத்து வந்ததையெல்லாம் வெட்டி, ஒட்டி, வரிசைப்படுத்திப் படமாக்குவது அவள் வேலை. மாடி அறையில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரும் இரண்டு திரைகளும் உண்டு. குச்சி நடித்த படமும் அந்த அறைக்குத்தான் வந்து சேர்ந்தது.

படப்பிடிப்புக்கு ஆள் தேடி வந்த அன்று வாயாடியும்தான் வரிசையில் நின்றாள். தலை வாரி, பவுடர் பூசி, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். இயக்குநர் குச்சியைக் கைகாட்டினார். வாயாடி அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

சலூன்காரருக்கோ கால் தரையில் பாவவில்லை. முடி வெட்ட வருகிறவர்களிடமெல்லாம் மகள் நடித்த கதையைச் சொன்னார். காதோரம் கத்தி இருக்கும்போது யாரால் எழுந்து ஓட முடியும்? முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். படம் முடிந்ததும் தெருக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவதாகப் படக்குழு சொல்லியிருந்தது. அன்று கடையை அடைத்துவிட்டு எல்லோரையும் முன்வரிசைக்கு அழைத்துப்போக அவர் இப்போதே ஆள் சேர்க்க ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் வாயாடி பள்ளிவிட்டு வந்தபோது, அம்மா திரையில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். அந்தத் துண்டு காணாமல் போனது. பக்கத்துக் காட்சிகள் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன.

“அம்மா, அது குச்சி.”

“தெரியும்டி.”

“அவளை ஏன் எடுத்துட்ட?”

“இயக்குநர் எடுக்கச் சொல்லிட்டார். படம் ரொம்ப நீளமா இருக்காம். கதை இப்ப அந்த வீட்டுக்கே போகல. போகாத வீட்டுக்கு யாரு வழி கேப்பா?”

வாயாடிக்குக் குச்சியை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், கண்ணிமைக்கும் நேரத்துக்கு, அவள் மனதில் கொஞ்சம் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. உடனே அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் அம்மா கடைக்குப் போயிருந்தபோது வாயாடி அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

சினிமா கேமராவில் எடுத்த காட்சிகள் மகா கனமானவை. அப்படியே ஓடவிட்டால் அம்மாவின் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். அதனால் அம்மா ஒவ்வொன்றுக்கும் சிறிய நகல் ஒன்று செய்து, அதை வைத்துத்தான் வெட்டுவாள். அந்த நகலுக்குப் பெயர் ப்ராக்ஸி. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாயாடிக்குத் தண்ணீர் பட்ட பாடு. குச்சியின் காட்சியைத் தேடி எடுத்தாள். பழைய இடத்திலேயே செருகினாள். சேமித்தாள். சத்தம் வைக்காமல் ஓட்டிப் பார்த்தாள். குச்சி வந்தாள், வசனம் பேசினாள், போனாள்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அவள் பார்க்கவில்லை. அதுதான் தப்பு. ஒலிகள் இடம் மாறிவிடக் கூடாது என்று அம்மா அவற்றை நகராதபடி பூட்டி வைத்திருந்தாள். குச்சிக்கு இடம் கொடுப்பதற்காகப் படங்கள் எல்லாம் தள்ளிப் போயின. ஒலிகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

அன்று மாலையே இயக்குநர் படம் பார்க்க வந்தார். குச்சியைத் திரையில் கண்டதும் நெற்றியைச் சுருக்கினார். அடுத்த காட்சியில் ஒரு போலீஸ்காரர் வாயைத் திறந்தார். குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாய் வாயைத் திறந்து, பெண் குரலில், “சாப்பிட வாங்க” என்றது.

வாயாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுபோனது.

“என்னங்க இது?” என்றார் இயக்குநர். “எடுக்கச் சொன்ன காட்சி இருக்கு. சத்தம் எல்லாம் எங்கேயோ ஓடுது. வேலை அதிகமா இருந்தா சொல்லிடுங்க. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அம்மா மகளை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினாள். “என் கவனக்குறைவு சார். நேத்து சேமிச்சது பத்திரமா இருக்கு. இப்பவே சரி பண்ணிடறேன்.”

“அம்மா இல்ல. நான்தான் செஞ்சேன்” என்றாள் வாயாடி. “குச்சி நல்லா நடிச்சிருந்தா. அதான்.”

இயக்குநர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “நல்லாத்தான் நடிச்சா” என்றார் சலிப்பாக. “அதனால என்ன? நல்லா இருக்கறதை எல்லாம் வெச்சிட்டுப் போனா படம் விடியிற வரைக்கும் ஓடும்.”

“அப்ப அவகிட்ட யாரு சொல்லுவா?”

“படம் பாக்கறப்ப அவளே தெரிஞ்சுக்குவா.”

அவர் போன பிறகு அம்மா கதவைச் சாத்தினாள். கத்துவாள் என்று வாயாடி எதிர்பார்த்தாள். அம்மா தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

“இந்த வேலை போச்சுன்னா நமக்கு வேற போக்கிடம் இல்ல. புரியுதா?”

“புரியுதும்மா.”

“இனிமே அந்த நாற்காலியைத் தொடாதே.”

இரவெல்லாம் வாயாடியின் மனக்கண்ணில் முன்வரிசைதான் தெரிந்தது. சலூன்காரர் புதுச்சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் குச்சி. பின்னால் முழுத் தெருவும். இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்து காத்திருந்து, விளக்கு போட்டுவிடுகிறார்கள்.

காலையில் அவள் நேராகச் சலூனுக்குப் போனாள். சலூன்காரர் ஒருவருக்கு முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார். குச்சி தரையில் விழுந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாயாடிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை.

“மாமா, படத்துல குச்சி இல்ல. அந்தக் காட்சியை எடுத்துட்டாங்க.”

துடைப்பம் நின்றது. நுரை தடவிய கையும் நின்றது.

“பொய் சொல்றா” என்றாள் குச்சி. “அவளை நடிக்கக் கூப்பிடலன்னு பொறாமைப்பா.”

வாயாடிக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. “பொறாமை இருந்துச்சு” என்றாள். “ஆனா இது பொய் இல்ல.”

சலூன்காரர் சிறிது நேரம் கண்ணாடியையே பார்த்தார். “மொத்தமாவா? குரல்கூட இல்லையா? முதுகு மாதிரி ஏதாவது?”

“எதுவும் இல்ல மாமா.”

“உங்கம்மாதானே வெட்டினாங்க?” என்றாள் குச்சி.

“ஆமா.”

“இனிமே என்கிட்ட பேசாத.”

சேதி மதியத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கத்திக்குக் கீழே உட்கார்ந்திருந்தவருக்கும் காது இருக்கிறதே. பிள்ளைகள் குச்சியைக் கண்டதும், “அந்த நடிகையைத் தேடியா வந்தீங்க? அவங்க போயி ரொம்ப நாளாச்சே” என்றார்கள். அவளுடைய வசனத்தாலேயே அவளை அடித்தார்கள். வாயாடி அவர்களோடு சண்டைக்குப் போனாள். குச்சி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படத்தொகுப்பு வேலை முடிந்தது. காட்சிகள் இருந்த பெரிய ஹார்டு டிஸ்க்கைக் படக்கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடம் வேண்டும் என்று அம்மா சிறிய நகல்களையெல்லாம் அழித்துவிட்டாள்.

“குச்சி நடிச்சதும் அந்த டிஸ்க்லயே போயிடுமா?”

“ஆமா. அது அவங்க பொருள். நாம வெச்சுக்கக் கூடாது, யாருக்கும் நகல் கொடுக்கவும் கூடாது.”

“வெச்சுக்க வேணாம். பாக்கலாம்ல? அவ தன்னை ஒரு தடவைகூடப் பாக்கலம்மா.”

அம்மா போனை எடுத்து இயக்குநரிடம் பேசினாள். “பாத்துட்டுப் போகட்டும், போன்ல மட்டும் எடுக்க விடாதீங்கன்னு சொல்றார்” என்றாள்.

குச்சி வர மாட்டேன் என்றாள். சலூன்காரர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அறைக்குள் வந்தும் அவள் சுவரைத்தான் பார்த்தாள்.

அம்மா காட்சியை ஓடவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் விசிறி இரைந்தது. படம் விக்கி விக்கி நகர்ந்து, குச்சியின் பாதிச் சிரிப்பில் நின்றுபோனது. எல்லாமே சாம்பல் நிறத்தில், துவைத்துத் துவைத்து வெளுத்த துணிபோல இருந்தது.

“இவ்வளவுதானா?” என்றாள் குச்சி. குரலில் கசப்பு.

“கேமரா அப்படித்தான் எடுக்கும். நிறத்தை அப்புறமாதான் கொண்டுவரணும்” என்றாள் வாயாடி. “அம்மா, இதுக்கு மட்டும் சின்ன நகல் ஒண்ணு பண்ணேன். அவங்க காத்திருப்பாங்க.”

திரையில் ஒரு நீலக் கோடு ஊர்ந்தது. வாயாடிகூடப் பேசவில்லை.

பிறகு படம் ஓடியது. அம்மா எதையோ திருக, சுவர் மஞ்சளானது, குச்சியின் சட்டை சிவப்பானது. காட்சி தொடங்குவதற்கு முன்பே கேமரா ஓட ஆரம்பித்திருந்தது. அதில் திடீரென்று ஓரத்திலிருந்து ஒருவர் சீப்போடு நுழைந்து, குச்சியின் முன்நெற்றி முடியைப் படிய வாரினார். “யாருங்க அது, வெளிய வாங்க” என்று இயக்குநரின் குரல் கேட்டது.

“அட, நானு” என்றார் சலூன்காரர்.

குச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் திரையில் இருந்த குச்சி தலையை நிமிர்த்தி, “அந்த வீட்டைத் தேடியா வந்தீங்க? அவங்க போயி ரொம்ப நாளாச்சே” என்றாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பனையும் மகளையும் சேத்து வெட்டிட்டாங்க” என்றார் சலூன்காரர். “போகட்டும். வெட்டினது வெட்டினதுதான். அதை முடி வெட்டற நான் சொல்லாம வேற யாரு சொல்றது?” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

“இன்னொரு தடவை போடு” என்றாள் குச்சி. அம்மாவிடம் இல்லை, வாயாடியிடம்.

வாயாடி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். வாயாடி மறுபடி ஓடவிட்டாள். அதன்பின் மறுபடியும். கீழே வண்டிச் சத்தம் கேட்கும்வரை ஓடவிட்டுக்கொண்டே இருந்தாள்.

கம்பெனி ஆள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றார். அம்மா டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். வாயாடி வாங்கக் கையை நீட்டினாள். அதற்குள் குச்சி வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். வாயாடி பின்னாலேயே போனாள்.

கம்பெனி ஆள் பெட்டியை வாங்கி, பின்சீட்டில் போட்டு, கயிற்றைச் சுற்றப் போனார்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க” என்றாள் குச்சி. “அதுக்குள்ள நான் இருக்கேன்.”