பன்னிரண்டாவது வரி

அவன் நகல் எடுத்தது பதினோரு வரி நிரல். ஒட்டியபோது பன்னிரண்டு இருந்தது.

ஞாயிறு மதியம். வலைத்தளத்துக்கு வருகிறவர்கள் குறைவு என்பதால் புதிய பதிப்பை ஏற்ற அந்த அலுவலகத்தில் எப்போதும் ஞாயிறைத்தான் பிடிப்பார்கள். ஒரே ஒரு ஆள் வந்தால் போதும். ஏசியின் சன்னமான இரைச்சலும், காலையில் துடைத்துவிட்டுப் போன தரையின் பினாயில் வாடையும், ஆளில்லாத நாற்காலிகளின் நீண்ட வரிசையும் தவிர அந்த மாடியில் வேறொன்றும் இல்லை. கூடுதலாக வந்த வரியைப் படித்தான். 'எழுதியவர்:' எதிரே பெயர் இல்லை.

அழித்தான். மறுபடி ஒட்டினான். மறுபடி பன்னிரண்டு.

கணினி நிரல் துணுக்குகளை எல்லோரும் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் பொது இடத்துக்கு அங்கே 'டப்பா' என்று பெயர். வேண்டியதை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், எழுதியவர் பெயரில் மட்டும் கை வைக்கக்கூடாது. டப்பாவில் பாதிக்கு மேல் பக்கத்து இருக்கைக்காரி எழுதியது. அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். ஆட்குறைப்பு வருகிறது, யார் எத்தனை எழுதினார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்று காதில் விழுந்த அன்றே, ஒரே கட்டளையில் இருநூற்றுப் பன்னிரண்டு துணுக்குகளிலும் அவள் பெயரைத் தூக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டான். பழைய பதிப்புகளின் தடத்தையும் மறக்காமல் துடைத்தான். மகா சமர்த்து. வேலை போய் வெளியேறுகிற நாளில் அவள் அவன் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"நான் எழுதினதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தான் அந்தப் புண்ணியவான். ஆறே மாதத்தில் அவள் செத்துப்போன செய்தி வந்தது. அடுத்த வாரம் இவன் குழுத் தலைவன் ஆனான்.

இப்போது டப்பாவைத் திறந்தான். முதல் துணுக்கில் அவன் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. உருட்ட உருட்ட, அவன் கண் முன்னாலேயே, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக யாரோ அழித்துக்கொண்டே போனார்கள். பக்கத்து மேசையில் விசைப்பலகை தட்டும் சத்தம். ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து. அவசரமே இல்லை. நாற்காலி காலி. விசைகள் மட்டும் அமிழ்ந்து எழுந்தன.

ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான். தட்டல் நிற்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. அப்போதும் நிற்கவில்லை.

கதவுக்கு ஓடினான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பூட்டில் வைத்தான். சிவப்பு விளக்கு. அட்டையைத் திருப்பிப் பார்த்தான். படம் இருந்தது. பெயர் இருந்த இடம் வெள்ளை.

வீட்டுக்குப் போன் போட்டான். மனைவிதான் எடுத்தாள்.

"யாருங்க?"

"நான்தான்டி. உள்ள மாட்டிக்கிட்டேன். யாரையாவது கூட்டிட்டு உடனே வா."

"நான்னா யாரு?"

பின்னால் மகளின் குரல் யாரும்மா என்று கேட்டது. தெரியலடா என்றாள் அவள்.

"பேரைச் சொல்லுங்க. இல்லன்னா வெச்சிடுவேன்."

வாயைத் திறந்தான். அம்மா பெயர் நினைவுக்கு வந்தது. மகள் பெயர் வந்தது. தன் பெயர்? முதல் எழுத்து மட்டும் நாக்கில் நின்றது.

ஒரு தட்டு.

அதுவும் போயிற்று.

தட்டல் நின்றது. பக்கத்து இருக்கை, மெல்ல, அவன் பக்கம் திரும்பியது.